நாற்பத்திரண்டில் நின்றது

தஞ்சாவூர், மூன்றாம் தியேட்டர்.
மேசையில் வெண்ணாற்று லஸ்கர் சௌரிராஜன்.
ஆறு வருடமாய் மதகில் தண்ணீர் விழுவதைப்
பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்.

குருணையிலும் சிறிய அங்கவடி எலும்பு
இறுகிப்போயிற்று.
அதைத் தொடப்போகும் இயந்திரக் கைக்கு நடுக்கமில்லை.
நடுங்காத கைக்குத் தொட்டது தெரியாது,
அதனால்தான் நானும் என் திரையும் இங்கே.

ஊசிமுனைக்குப் பின்னால் முடியளவு கண்ணாடியிழை.
அது வளைவதை எண்ணாக வாசிக்கிறேன்:
பதினெட்டு. இருபத்தாறு. முப்பத்தொன்பது மில்லிநியூட்டன்.
நாற்பத்திரண்டில் கை தானே நின்றது.

டாக்டர் மெஹருன்னிசா பல்லைக் கடித்தார்:
"இன்னும் கொஞ்சம்தானே."
அந்தக் கொஞ்சத்துக்குக் கீழே
நத்தைச் சுருள், அதில் ஓரிரு துளி நீர்.

நேற்று வார்டில் இவரிடம் கேட்டிருந்தேன்,
ஷட்டர் ஸ்க்ரூ மக்கர் பண்ணினால்?
என் உதட்டைப் படித்துவிட்டுச் சொன்னார்:
"அரைச்சுத்து பின்னால விடுவேன்.
முறுக்குனா மரை போயிடும்."

"அரைச்சுற்று பின்னால்" என்றேன், என்னை அறியாமல்.
யாரும் சிரிக்கவில்லை.
பின்வாங்கி, கோணம் மாற்றி, மறுபடி.
பதினொன்று.
பதினான்கிலேயே கழன்றது.

பிஸ்டன் பொருத்தி முடித்ததும்
சௌரிராஜன் முதலில் சொன்னது:
"அந்த ஏசியக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா,
என்னா இரைச்சல்."