முதல் நன்மைச் சட்டை

ஈஸ்டருக்கு முந்தின கிழமை தைக்கக் கொடுத்தது.
தோள் பதினொன்று, நீளம் முப்பது என்று
பில் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிய நிலாப்தீன்
"வளருற பிள்ளை, மடிப்புக் கூட விடுறன்" என்றார்.

பிறகு அந்த ஞாயிறு.

பிறகு எங்கள் குருநகர்க் கோயில் வாசலில்
துவக்கோடு நின்ற பெடியன் ஒருவன்
என் செபப்புத்தகத்தை உதறிப் பார்த்தான்.
சோனகத்தெருப் பக்கம் ஒருவரும் போகவில்லை.
பிலோமினக்கா சொன்னா:
"போனது போகட்டும், வேற துணி எடு.
அவங்கட கை பட்டதையோ
நன்மை எடுக்கப் போற பிள்ளைக்குப் போடுவாய்?"

நானும் ஓம் என்று தலையாட்டினேன்.
அதை மறைக்கப் போவதில்லை.
மூன்று இரவு அந்த ஓமோடுதான் படுத்தேன்.

நாலாம் நாள் சைக்கிளை எடுத்தது
அன்பினால் என்றால் பொய்.
முற்பணம் ஆயிரத்து இருநூறு கொடுத்திருந்தேன்.

அரைக்கதவு திறந்திருந்தது.
"நாங்கள் அப்படியான ஆக்கள் இல்லை" என்பார்,
அதற்கொரு பதிலை
ஆஸ்பத்திரி வீதி முழுக்க மென்றுகொண்டு போயிருந்தேன்.
அவர் அதைச் சொல்லவில்லை.
"உங்கட ஆக்களில ஆருக்கும்...?" என்றார்.

"நீர்கொழும்பில. சித்தியின்ர மகன்."

கதிரை இருந்தும் நிலத்தில் குந்தினார்.
கனநேரம் ஒரு நூல்கட்டையை உருட்டியபடி இருந்தார்.
பிறகு எழும்பிச் சட்டையை விரித்தார்.
விளிம்பு முழுக்கக் கைத்தையல்,
அரிசிமணி அரிசிமணியாய்.
"வாடகை மெசின், கொண்டு போயிட்டாங்கள்.
வாப்பான்ர மெசின் ஒண்டு இருந்தது முந்தி.
தொண்ணூறில..."
வசனத்தை முடிக்கவில்லை.
மிச்சக் காசையும் வாங்கவில்லை.

வீட்டு மூலையில், லேஸ் விரிப்புக்குக் கீழே
ஒரு தையல் மெசின்.
அதன் மேல் மாதா. மாதாவின் முன் விளக்கு.
தொண்ணூறு ஐப்பசி முடிந்த கையோடு
ஏலத்தில் மலிவாய் எடுத்ததென்று
அப்பா வண்டிலில் கொண்டு வந்தது.
அதில்தான் அம்மா எங்களுக்குப் பள்ளிச் சட்டை தைத்தா.
லாச்சிக்குள் இருந்த நீலச் சோக்குக்கட்டியால்
நான் எட்டுக்கோடு கீறி விளையாடியிருக்கிறேன்.
யாருடைய சோக்கு என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

"அது அவற்ற தான் எண்டு ஆர் கண்டது?" என்றார் இவர்.
உண்மை. ஆருக்கும் தெரியாது.
எத்தனை மெசின் அந்த மாதம் கைமாறியது.

பகைவரை நேசிக்கச் சொல்லிப்
பிரசங்கம் எத்தனையோ கேட்டாயிற்று.
நிலாப்தீன் எனக்குப் பகைவர் இல்லை.
நான் அவருக்குக் கடன்காரி.
பீடத்தடியில் காணிக்கையை வைத்துவிட்டு
முதலில் போய்விட்டு வா என்கிற பகுதியை
நான் எப்போதும் வேகமாக வாசித்துக் கடந்திருக்கிறேன்.

மாதாவை யன்னல் கட்டில் வைத்தேன்.
விரிப்பை எடுக்கப் பலகையில்
இருபத்தொன்பது வருசத்து மெழுகு வட்டம்;
சுரண்டச் சுரண்டப் போகவில்லை.
அப்படியே இருக்கட்டும், அதையும் அவர் பார்க்கட்டும்.

ஓட்டோக்காரத் தம்பி கயிற்றை இறுக்கிக்கொண்டு கேட்டான்:
"திருத்தவோ அக்கா?"
"ஓம், திருத்தத்தான்."
"எங்க?"
சொன்னேன்.
கண்ணாடியில் என்னை ஒருக்கால் பார்த்தான்.
ஒன்றும் பேசாமல்
வண்டியைத் திருப்பினான்.