தூக்குவாளி

பீரோவின் அடித்தட்டில்
விரித்த செய்தித்தாளுக்குக் கீழே கிடந்தது
சங்கரவடிவின் கல்யாணம்.
சட்டத்துக்குள் இருந்த படம்தான்.
நான் வருகிற அன்று யாரோ கழற்றிவிட்டார்கள்.
நான் சொல்லவில்லை.

முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை,
சாமான்களைப் பார்த்தேன்.
மணவறைக்கு முன்னால் கோரம்பாயில் பரப்பி
நிறுத்தி எடுத்திருக்கிறார்கள்.
எல்லாம் எனக்குத் தெரிந்தவை.
அந்தச் சருவத்தில்தான்
பன்னிரண்டு வருசமாக வெந்நீர் போடுகிறேன்.
காது நசுங்கியது என் காலத்தில்.
சுவர்க்கடிகாரம் நாலு,
நாலும் நாலு நேரம் காட்டுகின்றன.
ஒன்று இன்னும் எங்கள் சுவரில்
ஐந்து நிமிசம் முந்தி ஓடுகிறது.

விளக்கும்போது விரலில் தட்டுப்படும்
புள்ளிப் புள்ளியாய்க் கொடுத்தவர் பெயர், ஊர்.
கடையம். முக்கூடல். விக்கிரமசிங்கபுரம்.
ஜில்லாவில் பாதி என் அடுக்களையில் கவிழ்ந்திருக்கிறது.
இத்தனை பேர் வாழ்த்தியும்
அவளுக்கு ஒன்பது வருசம்தான்.
மிச்ச வாழ்த்தை
நான் பொங்கித் தின்றேனோ என்னவோ.

எனக்கு மொய் கிடையாது.
பாபநாசம் கோயில், பதினோரு பேர், மாலை இரண்டு.
"ரெண்டாந்தாரத்துக்கு நோட்டுப் போட்டு
யாரு எழுதிக்கிட்டு இருப்பா"
என்றாள் அவருடைய அத்தை,
எனக்குக் கேட்கட்டும் என்றே.

படத்தின் ஓரத்தில்,
பாதித் தோள் வெட்டுப்பட்டு,
பித்தளைத் தூக்குவாளியை இரண்டு கையாலும்
பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டு
ஒருத்தர் நிற்கிறார்.
அப்பா.

சேரன்மகாதேவி மில்லில் கணக்கெழுதியவர்.
முதலாளி மகன் கல்யாணம்;
வட்டிக்குத்தான் வாங்கியிருப்பார்.
ஆக, இந்த வீட்டுக்கு அவர்
இரண்டு தடவை கொடுத்திருக்கிறார்.
முதல் தடவை
பெயர் வெட்டிக் கொடுத்தார்.

அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன்.
பிளாஷ் வெளிச்சத்தில்
கண்ணை மூடியிருக்கிறாள்.
ஒரு சாமானையும் பார்க்கவில்லை.

வீடெல்லாம் தேடி
தொழுவில் கண்டுபிடித்தேன்,
பருத்திக்கொட்டை அள்ளிப் போட்டுக் கிடந்தது.
புளி போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன்.
'சே. தளவாய்' வந்தது.
'மில்' பாதிதான் வந்தது.

ராத்திரி பால் ஊற்றும்போது
"இது ஏது?" என்றார்.
"எங்க அப்பா கொடுத்தது."
"எப்ப?" என்றார்.