ஆறு ஓடுகிற பக்கம்

காலை ஐந்தே முக்கால். பாலத்தடியில் ஓட்டோ,
அதிலிருந்து இரண்டு பேர், பீரங்கி மாதிரி ஒரு கமெரா.
இறங்க முன்னம் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன்:
பெயரில்தான் ஆறு.
தொண்டைமானாறு, உப்பாறு, வழுக்கியாறு,
எதைப் பிடித்துக்கொண்டு மேலே போனாலும்
மலை கிடைக்காது, பனைதான் கிடைக்கும்.

"அப்ப தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"
ஒஸ்லோவில் கணக்காளர், பெயர் ஞானசேகரம்,
லைஃப் ஜாக்கெட்டின் வாரோடு மல்லுக்கட்டியபடி.
காற்றைத்தான் கேட்க வேணும் என்றேன்.
வாடைக்கு ஒரு பக்கம். சோளகத்துக்கு மறுபக்கம்.
அணைக்கதவு திறந்தால் கடலுக்கு.
மற்ற நாளில் எங்கும் போகாது,
கோப்பைத்தட்டில் சிந்திய தேத்தண்ணி போலக் கிடக்கும்.

மற்றவள் நிலந்தி, குருநாகலில் பல் வைத்தியர்.
மீனுக்கு மட்டும் வந்தவள். கொக்கைக் காட்டினால்
கொட்டாவி விடுகிறாள், மறைக்காமல்.
மஞ்சள் கயாக் இரண்டும் அவர்களுக்கு.
அடியில் ஒட்டுப் போட்ட சிவப்பு எனக்கு.
அந்த ஒட்டைப் பற்றி யாருக்கும் சொல்வதில்லை.

கம்புகளில் நீர்க்காகங்கள்,
வழக்கு முடிந்த வக்கீல்கள் போல
அங்கியை விரித்துக் காயவிடுகின்றன.
ஞானசேகரம் பட்டியலில் குறிக்கிறார்:
இருநூற்றுப் பதினொன்று. இருநூற்றுப் பன்னிரண்டு.
பூநாரைக்கு நேரே இன்னும் வெறும் கட்டம்.
"உறுதி எண்டு சொன்னனீங்கள்."
இல்லை ஐயா, பெரும்பாலும் எண்டு சொன்னனான்.
என் தொழிலின் முழு முதலும் அந்த ஒரு சொல்.

"பிள்ளை, சிறகில முட்டாதை!"
இடுப்பளவு நீரில் அமிர்தநாதர், வாயில் சுருட்டு.
சிறகு என்றதும் கமெரா மேலே எழும்புகிறது.
வானத்தில் ஒன்றுமில்லை.
சிறகுவலை ஐயா, கீழே பாருங்கோ.
அதுவும் விரித்தபடிதான் நிற்கும்,
இறால் அதன் ஓரத்தை நம்பி நடந்து நடந்து
கூட்டுக்குள் போய்விடும்.
"உதையும் எழுதுங்கோவன்" என்கிறார் அமிர்தநாதர்,
சுருட்டை எடுக்காமலே.

பாண் உருண்டைக்கு ஓரா ஒன்று மாட்டுகிறது,
உள்ளங்கை அளவுதான்.
முள்ளைத் தொடாதேங்கோ, பின்னேரம் மட்டும் கடுக்கும்.
துவாயால் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி,
வாயைத் திறந்து பார்க்கிறாள் நிலந்தி.
"நல்ல பல்" என்கிறாள். தமிழில்.
தூண்டிலைக் கழற்றிவிட்டு
அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதுபோல்
இன்னொரு பாண் துண்டை உருட்டுகிறாள்.

பிறகு, முனை திரும்பியதும், அவை நின்றன.
சேற்றுத்திடலுக்கு அப்பால் ஒரு வெளிர்சிவப்புக் கோடு.
அழிறப்பரால் பாதி அழித்ததுபோல.
முன்னூறு இருக்கும். தலைகள் எல்லாம் தண்ணீருக்குள்.
இதற்கு மேல் கணுக்கால் ஆழம், கயாக் போகாது.
அவை அங்கே நிற்பதே அதற்காகத்தான்.

"பறக்கிற படம் வேணும். ஐயாயிரம் தாறன்.
ஒருக்காக் கை தட்டுங்கோ."

போன மாசி, வேறொரு கூட்டத்துக்கு, நான் தட்டினேன்.
மூவாயிரத்துக்கு.
கறுப்பும் சிவப்புமாக வானம் கிழிந்தது,
எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.
பதினொரு நாள் இந்தத் திடலில்
ஒரு இறகுகூட இறங்கவில்லை.
நாள்தோறும் வந்து பார்த்தேன், ஆட்கள் இல்லாமல்,
கடன்காரி வீட்டுவாசலில் நிற்பதுபோல.

துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
அவர் எட்டாயிரம் என்றார்.
நான் பத்துவரை காத்திருந்தேன், பொய் சொல்லவில்லை,
அந்தத் தொகையை மனதில் செலவழித்தும் பார்த்தேன்:
ஒட்டு, இரண்டு துடுப்பு, மின்சாரக் கட்டணம்.

அவர் பத்து என்று வாயெடுக்க
பூநாரைகள் சின்னதாகத் தெரிந்தன.
முதலில் யாருக்கும் விளங்கவில்லை.
கரையின் தாழம்பற்றைகள் முன்னால் நகர்ந்தன,
அமிர்தநாதரின் சுருட்டுப் புகை எங்களைத் தாண்டியது.
வாடை எழும்பியிருந்தது.
மூன்று கயாக்கையும் பின்பக்கமாக
ஓசையில்லாமல் இழுத்துக்கொண்டு போனது தண்ணீர்.

"ஐயா" என்றேன், "கேட்டனீங்கள் எல்லே.
இந்தப் பக்கம்."

நிலந்திதான் சிரித்தாள்.
காற்றுக்கு எதிரே பாலம்வரை வலிக்க
ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும்.