நூற்றுக்கு ஒன்பது

இரவு இரண்டே கால்.
ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சுழியத்தைத் தொட்டதும்
கைபேசி அலறியது.
பூட்ஸுக்குள் வெறுங்காலை நுழைத்துக்கொண்டு ஓடினேன்.
அண்ணன் ஃப்ளோரின் அதற்குள் பம்ப் அறையில்
டீசல் எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தான்.

ஆல்ப்ஸ் சரிவில் இறங்கும் குளிர்
தண்ணீரைப் போலத்தான், பள்ளம் தேடும்.
எட்ச் ஆற்றங்கரையில் எங்கள் தோட்டம்தான் பள்ளம்.

ஆப்பிள் பூத்த ஆறாம் நாள்.
பூவுக்குள் ஐந்து சூல்முடி,
அடியில் ஐந்து அறை, அறைக்கு இரண்டு சூல்.
மைனஸ் இரண்டு வரை எப்படியோ தாங்கும்.
அதற்கும் கீழே போனால்
உள்ளிருக்கும் நீரெல்லாம் ஊசியாகி
சொந்த வீட்டுச் சுவரையே குத்தும்.

அதனால் பூவின்மேல் தண்ணீர் தெளிக்கிறோம்.
உறையட்டும் என்றே தெளிக்கிறோம்.
(முதல்முறை பார்த்த அண்ணி, மிலான்காரி,
"குடும்பமே பைத்தியமா?" என்றாள்.)
உறையப் போகும் நீர்
கைச்சூட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் உறைகிறது.
கொஞ்சம்தான், ஒரு மூச்சளவு.
துளிக்குமேல் துளி விழுந்துகொண்டே இருந்தால்
பனிக்கூட்டுக்குள் பூ சுழியத்திலேயே நிற்கும், செத்துப்போகாது.
நடுவில் நின்றால் போச்சு.
அரைகுறையாய் நனைப்பது நனைக்காததைவிட மோசம்:
ஈரத்தைக் குடிக்கும் காற்று
பூவின் சூட்டையும் சேர்த்துக் குடித்துவிடும்.

மூன்று நாற்பதுக்கு அழுத்தம் விழுந்தது.
ஆறு பார். நாலு. மூன்று.
ஒரே குழாயில் இரண்டு தோட்டம்:
எங்களது, வால்ட்ராடுடையது.
வேலிக்கு அப்பால் விளக்கோடு நின்றாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.
அவள் இந்த வருடம் இன்சூரன்ஸ் கட்டவில்லை,
அது எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

மேல்பாத்தி முப்பத்திரண்டு வரிசைக்குமான வால்வை
இரண்டு கையாலும் திருகி மூடினேன்.
என் பங்கு வரிசைகள்.
ஃப்ளோரின் ஒரு வார்த்தை சொன்னான்,
அதை எழுதினால் தாள் கூசும்.

விடிந்தபோது கீழ்ப்பாத்தி முழுக்கக் கண்ணாடி.
ஒவ்வொரு பூவும் விளக்குக்குள் விளக்குபோல.
பாரம் தாங்காத கிளைகள் எங்கேயோ முறிந்தன.
மேல்பாத்தி மட்டும் காய்ந்து, வெளுத்து,
ஒன்றுமே நடக்காத மாதிரி பூத்து நின்றது.
பம்பின் வடிகட்டியைப் பிரித்தோம்:
ஒரு பிடி ஆப்பிள் இதழ்.

நூறு பூவைப் பறித்து டிராக்டர் மூடிமேல் பரப்பி
சவரப் பிளேடால் ஒவ்வொன்றாய்ப் பிளந்தேன்.
கறுப்பு. கறுப்பு. கறுப்பு.
பதினான்காவதில் பச்சை.
மறுபடி கறுப்பு.
நூற்றுக்கு ஒன்பது.

அழலாம் என்று உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது,
இந்த மரம் ஒரு ஊதாரி.
நூறு பூத்து ஆறு காய்த்தாலே அதற்கு நிறைமாதம்.
மிச்சத்தை ஜூனில் அதுவே உதறிவிடும்,
அதிலும் மிஞ்சியதை நாங்கள் விரலால் கிள்ளிப் போடுவோம்.
"ஒன்பது!" என்று வேலிக்கு மேலாகக் கத்தினேன்.
"எண்பத்து நாலு," என்றாள் வால்ட்ராட்,
குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் போல.

ஒன்பதும் தேனீயைப் பார்க்க வேண்டுமே.
அந்த வாரம் மழை.

செப்டம்பரில் மேல்பாத்திக் காய்கள்
ஒருபக்கம் தோள் இறங்கி நின்றன.
சந்தைக்கு ஆகாது, சாறு ஆலைக்குத்தான்.
ஒன்றைக் குறுக்கே அரிந்தேன்.
ஐந்து அறை நட்சத்திரம்,
மூன்றில் விதை, இரண்டில் வெறும் தோல்.
விதை இருந்த பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டது,
சர்க்கரை, நீர், சதை எல்லாம்.
கேட்க ஆளில்லாத பக்கத்துக்கு
மரம் எதையும் அனுப்பவில்லை.

பருத்த பாதியை ஃப்ளோரினிடம் கொடுத்தேன்,
சூம்பிய பாதியைக் கடித்தேன்.
இனிப்பில் குறையொன்றுமில்லை.
கொஞ்சம் சீக்கிரம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.