எட்டாவது இலக்கம்

மைனஸ் முப்பத்தெட்டு.
செலங்கா ஆற்றின் மேல் லாரி போகிறது.
ஒன்பதாம் தடத்தில் அறுபத்தொரு டேங்கர்கள்;
ஒவ்வொன்றின் இடுப்பிலும் டார்ச் அடித்து
எண்ணைத் தாளில் இறக்கிக்கொண்டே வருகிறாள் சொயல்மா.
பேனா உறைந்துவிடும். பென்சில்தான்.

வண்டிக்கு எட்டு இலக்கம்.
முதலில் ஏழு நின்றால் டேங்கர் என்று பொருள்.
கடைசி இலக்கம் வண்டிக்குச் சொந்தமே இல்லை.
எழுதும் கை பிசகினால் காட்டிக்கொடுக்க
முன்னால் நிற்கும் ஏழையும் பிழிந்து
எடுத்து வைத்த காவல்காரன் அது.

நாற்பத்து நான்காவது வண்டி.

7 3 9 3 9 1 3

அப்புறம் கசிந்த எண்ணெய்,
எண்ணெய் மேல் கரி, கரி மேல் பனி.

அடுத்ததற்குப் போயிருக்க வேண்டும்.
போகவில்லை.
இர்குட்ஸ்கில் இரண்டு வருடம் கணிதம் படித்தவள்,
மூன்றாம் வருடம் சம்பளத்துக்கு வந்தவள்,
கையுறை விரலால் வலக்கோடியை மூடுகிறாள்.
மூடாமலே அது பகா எண்.
மூன்றை மறைத்தால் 739391:
அதுவும் யாருக்கும் பங்கு தராது.
ஒன்றை மறைத்தாள். ஒன்பதை.
வால் அறுந்து அறுந்து
எந்த இடத்தில் வெட்டினாலும்
வெட்டுப்பட்டது மட்டும் பிளவுபடவில்லை.
எழுபத்து மூன்று.
ஏழு.

இப்போது எட்டாவது மட்டும் மூன்றாக இருந்துவிட்டால்,
ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
இந்தச் சாதியில் அதைவிடப் பெரியது கிடையாது.
அதன் வலப்பக்கம் எதை ஒட்டினாலும் உடையும்:
ஒன்றையும் ஏழையும் மூன்று தின்னும்,
ஐந்தை ஐந்து, இரட்டையை இரண்டு,
பூஜ்யத்தைக் கேட்கவே வேண்டாம்,
மற்ற இரண்டுக்கும் எங்கோ ஒரு வகுத்தி காத்திருக்கிறது.
தண்டவாளம் முடிந்து
மண்மேடு தொடங்கும் இடம் அது.

வாக்கி-டாக்கி கரகரத்தது. வெனியமீன்.
"என்ன, உறைஞ்சு போயிட்டியா?"
"கடைசி நம்பர் தெரியலை."
"கணக்குப் போடு. அதுக்குத்தானே அது இருக்கு."

போட்டாள்.
ஒன்று விட்டு ஒன்றை இரட்டித்து,
இரட்டித்ததின் இலக்கங்களைக் கூட்டி:
ஐந்து, மூன்று, ஒன்பது, மூன்று,
ஒன்பது, ஒன்று, ஆறு.
முப்பத்தாறு.
நாற்பதுக்கு நான்கு குறை.

இன்னொரு முறை போட்டாள்.
நான்கு.

நான்கு என்றால் இரண்டு நுழையும்,
பின்னாலேயே மூன்றும் நுழையும்,
ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம்.
எண்ணுலகில் அந்தப் பெரியது இருக்கிறது,
இந்த இருப்புப்பாதையில் அது ஓட முடியாது.
எந்தத் தொழிற்சாலை வண்டிக்கு அதைப் பூசினாலும்
முதல் நிலையத்திலேயே பிழை என்று மடக்கிவிடுவார்கள்.

சாவிமுனையால் பனியைச் சுரண்டினாள்.
ஒரு நேர்க்கோடு தெரிந்தது. சாய்ந்த இன்னொன்று.
மூன்றில் நேர்க்கோடு ஏது.

தாளில் நான்கு என்றுதான் எழுதினாள்,
பென்சில் முனை ஒடியும் அளவுக்கு அழுத்தி.
பிறகு நாற்பத்தைந்தாவது வண்டி:
எட்டும் தெளிவாக இருந்தன.
ஐந்தில் முடிந்தது.
அதைப் பார்க்கக்கூட இல்லை.