பத்தொன்பதாம் பிரிவு

உட்துறைமுக வீதியில், கீழே பற்றரிக் கடை, மேலே நான்.
மழை பெய்தால் பலகையில் 'சட்டத்தரணி' நனையும்,
'பிரசித்த நொத்தாரிசு' நனையாது.
கூரை அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருடத்தில் ஒரு கொலைவழக்கும் பேசவில்லை.
விவாகரத்தென்று வந்தவர்களை
அடுத்த படிக்கட்டைக் காட்டி அனுப்பினேன்.
எனக்கென்று வந்தவை
சீமெந்துக் கம்பனியின் அமைப்பு விதிகள்,
மூதூர் லோஞ்சுக்கு டீசல் யார் அடிப்பதென்ற வழக்கு,
தம்பலகாமத்து வயலின் மேலால்
மின்சார சபை கம்பி இழுக்கும் உரிமை.

"கம்பி வயலைத் தொடாதே, எதற்குக் காசு?" என்றார் பொறியியலாளர்.
"அதுக்குக் கீழ நான் தென்னை வைக்கேலாதே" என்றார் வயல்காரர்.
வளராத தென்னைகளை எண்ணி
விலை போட்டுக் கொடுத்தேன்.
என் தொழிலில் கவிதைக்கு மிக அருகே போனது
அந்தப் பட்டியல்.

அபுசாலியின் லோஞ்ச் லீசிங்குக்கு
கொழும்பிலிருந்து வந்த படிவத்தைப் பார்த்தே எழுதினேன்.
பத்தொன்பதாம் பிரிவு, கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை:
போர், கலகம், தீ, பூகம்பம், பனிப்புயல், கடவுட்செயல்.
பனிப்புயலை வெட்டவில்லை.
வெட்டினால் ஏனென்று கேட்பார்கள்.
அபுசாலி போரில் விரலை வைத்துச் சிரித்தார்:
"இதுவா மிஸ் அப்பாற்பட்டது?
ஜெட்டியில தினம் பையத் திறந்து காட்டுறமே."

மார்கழி இருபத்தாறில்
லோஞ்ச் ஒரு பள்ளிக்கூட மதிலில் ஏறிக் கிடந்தது.
தவணை கேட்டுக் கடிதம் வந்தது, எழுத்துப்பிழை இல்லாமல்.

பிரிவைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.
கடல் இல்லை.
மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் இருந்து
கடலை எழுத மறந்திருக்கிறேன்.

கொழும்புச் சட்டத்தரணி சொன்னார்:
பூகம்பம் சுமாத்திராவில், படகு மூதூரில்.
மிச்சம் இருந்தது கடவுட்செயல்.
அதைத்தான் வாதிடப் போகிறேன் என்றதும்
அபுசாலி கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார்.
"கடன் தப்புறதுக்கு
அல்லாஹ்வுட பேர இழுக்க வேணாம்."

பூகம்பத்தை வைத்தே பேசினேன்.
பாதி வென்றேன்.
மற்றப் பாதியை அவர்
ஏழு வருடம், ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி
இந்தப் படியேறிவந்து ரசீது காட்டிவிட்டுப் போனார்.
நான் கேட்டதில்லை.

இன்று அவர் மகள் ருஸ்தா வந்திருந்தாள்.
பாலங்கள் வந்தபிறகு லோஞ்சில் யார் ஏறுவது?
கிண்ணியா வழியாக இரண்டு பஸ், பெர்மிட், பங்காளி ஒருவர்.
வரைபை வரிவரியாக வாசித்தாள், தகப்பனைப் போல் இல்லை.
பத்தொன்பதில் நின்றாள்.

"பஸ்ஸுக்கு எதுக்கு மிஸ் கடல்?"

பேனையை எடுத்தேன், மூடினேன்.
இருக்கட்டும் என்றேன்.
பனிப்புயலும் இருக்கிறது, பார்.