செப்பு

இரவு பதினொன்றேகால். ஸ்வான்சி.
கண்ணாடிக் கலத்தில் முப்பத்தேழு டிகிரி வெந்நீர்.
இரண்டு கம்பிக் கொக்கிகளுக்கு நடுவே
மோதிரம்கூட ஆகாத சிறு வளையம்:
இன்று காலை வரை ஒருவர் நெஞ்சுக்குள் இருந்த தமனி.
பைபாஸ் முடிந்து மிஞ்சிய துண்டு.
குப்பியின் மேல் ஆண், எழுபத்தொன்று, 0316.
சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்.
பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது.

ஃபினைலெஃப்ரின் ஒரு துளி.
வளையம் இறுகுகிறது.
திரையில் கோடு ஏறுகிறது,
வீட்டுக்காரர் மின்னஞ்சல் வந்த நாளில் என் தாடை போல.

பனிக்கட்டிக்குள் தகடு சுற்றி வைத்திருக்கிறேன்
ரோஜா நிற மூலக்கூறை.
அதன் கந்தகத் தோளில் நைட்ரிக் ஆக்சைடு
ஏறி உட்கார்ந்திருக்கிறது.
இறக்கி விட்டால் சில நொடிதான் உயிர்;
அந்தச் சில நொடிக்குள் தசையின் காதில் போய்ச் சொல்லிவிடும்,
போதும், தளரு என்று.
ஆனால் இறக்கி விடாது.
வாயில் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
பேச்சை வானிலைக்குத் திருப்புகிறவர்களைப் போல.

திங்களன்று கோடு நத்தையாய் இறங்கியது.
செவ்வாயும் அப்படியே.
புதன்கிழமை
படிக்கட்டில் தவறிய பந்து.

அதே மருந்து. அதே அளவு. அதே நான்.

எம்ரிஸ் தலையைச் சொறிந்தார்.
'வடிகட்டி தீர்ந்துபோச்சு, வாகி.
நடைவழிக் குழாயில் பிடிச்சு ஊத்தினேன்.'
சுவரோரம் பச்சை பூத்து ஓடும் பழைய செம்புக் குழாய்.
அளந்து பார்த்தோம்:
நூறு கோடியில் அறுபத்துநான்கு பங்கு.

செம்பு ஒரு எலக்ட்ரானை வாங்குகிறது,
கொடுக்கிறது, மறுபடி வாங்குகிறது.
கைமாற்றுக் கடன்.
தனக்கென்று ஒன்றும் முடிந்துகொள்வதில்லை.
முடிந்துகொள்வது நியோகுப்ராயின்.
செம்பை மட்டும் தேடிப்பிடித்து மடியில் கட்டிக்கொள்ளும்.
அதைச் சேர்த்தேன்.
கோடு பாதி வழியில் நின்றுவிட்டது.
ரோஜா நிறம் மறுபடி வாயை மூடிக்கொண்டது.

'உங்க மொழியில் செம்புக்கு என்ன?'
செப்பு என்றேன். சொல் என்றாலும் செப்புதான்.
'எங்களுக்கு கோப்ர்.
வேற அர்த்தம் ஒண்ணும் கிடையாது, பாவம்.'

அவருக்கா கிடையாது?
சன்னலுக்கு வெளியே, இருட்டில், டாவே ஆறு.
சிலியிலிருந்து கப்பல் கப்பலாய்த் தாது வந்து
இங்கேதான் உருகியது.
அந்தக் கந்தகப் புகையில்
எதிர்மலையில் புல் முளைக்காத காலம் இருந்தது.
கடைசி ஆலை மூடியபோது
0316க்கு இருபத்தைந்து, இருபத்தாறு இருக்குமா?
விரல்விட்டுக் கணக்குப் போட்டேன்.
பிறகு விரலை மடக்கினேன்.
மம்பிள்ஸ் கடற்கரையில் ஐஸ்கிரீம் விற்றவராக இருக்கலாம்.
கணக்கு வாத்தியாராக இருக்கலாம்.
செம்பைத் தொட்டே இருக்க மாட்டார்.
ஆனால் செம்பு தொடாத ரத்தம் எங்கே இருக்கிறது?

கலத்தைக் கழுவி, புது நீர் மாற்றி,
இந்த முறை தெரிந்தே,
அளந்து,
ஒரு துளி செம்பு விட்டேன்.

இறங்கியது.
மாரிஸ்டனில் தையலோடு தூங்குகிறவரின் ஒரு துணுக்கு
இங்கே, என் விளக்கின் கீழ்,
யாருக்காக என்று கேட்காமல்
தளர்ந்தது.

எம்ரிஸ் தேநீர் நீட்டினார்.
இரண்டு மிடறு குடித்தேன்.
என் தாடை கழன்றது எனக்கே கேட்டது.
'மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடியுது.
நீட்டிக்கப் போறதில்லையாம்.
மூணு வாரமா உங்ககிட்ட சொல்லலை.'

அவர் ஒன்றும் பேசவில்லை.
நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு
திரையைப் பார்த்தார்.
'இன்னும் இறங்குது பாரு' என்றார்.

அப்போதுதான் தோன்றியது,
கெட்டிலையும் அந்தக் குழாயில்தான்
பிடித்திருப்பார்.